விற்றமின் கே கிரீம் இருக்கட்டும், அம்மாவின் வார்பரினை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36, களுவாஞ்சிக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். முகப்புத்தகத்தில் விற்றமின் கே கிரீம் என்று 30 மில்லி 6,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். கருவளையம், கண்டல் அடையாளம், பிரசவக் கோடு எல்லாம் போகும் என்கிறார்கள், வாங்கலாமா? அதே பக்கத்தில் விற்றமின் கே குளிசையும் இருக்கிறது. என் அம்மாவுக்கு (67) இப்போது கொஞ்ச நாளாகக் கையில் சும்மா தட்டுப்பட்டாலே நீலமாகக் கண்டிப் போகிறது. இந்த விற்றமின் குறைந்தால் அப்படி வரும் என்று வாசித்தேன். அவருக்கும் வாங்கிக் கொடுக்கவா? அவர் இருதய வால்வு மாற்றி, இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்பரின் எடுக்கிறார், கீரை கூடாது என்று வீட்டில் சமைப்பதையே விட்டுவிட்டோம். இன்னொன்று, கீரையை அரைத்து முகத்தில் பூசினாலும் இந்த விற்றமின் கிடைக்குமா?

பதில்:

தங்கச்சி, கிரீம் கதையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அம்மா வார்பரின் எடுக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேசவேண்டும். அவருக்கு அந்தக் குளிசையைக் கொடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், ஏசினாலும் பரவாயில்லை.

ஏன் என்றால், நம் இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் சில ஈரலில் உருவாகும்போது விற்றமின் கே இல்லாமல் முழுமையாகாது. மருத்துவத்தில் 2, 7, 9, 10 என்று இலக்கம் போட்டுச் சொல்வது அவற்றைத்தான். உடம்பு இந்த விற்றமினை அதிகம் சேர்த்து வைப்பதில்லை, இருக்கிற கொஞ்சத்தையே பயன்படுத்தி, புதுப்பித்து, திரும்பவும் பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பிக்கும் வேலையைத்தான் வார்பரின் தடுக்கிறது. செயற்கை வால்வில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்கிற தடை அது. இந்த நிலையில் நீங்கள் கே குளிசை கொடுப்பது, மேலே வான்கதவை அடைத்துவிட்டுக் கீழே வாய்க்காலுக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற வேலை. கண்டல் ஒருவேளை குறையலாம், ஆனால் வால்வில் கட்டி உருவாகி அது மூளைக்குப் போனால் பாரிசவாதம், வால்விலேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கையில் நீலம் தெரிகிறது, உள்ளே உருவாகிற கட்டி தெரியாது, அதுதான் இதில் உள்ள பிரச்சினை.

விற்றமின் கே, வார்பரின் இரண்டின் வரலாறும் கிட்டத்தட்ட ஒரே காலம்தான். டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி போட்ட கோழிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தம் கசிவதைக் கவனித்து, அதைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று 1930களில் நிறுவினார், 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் எட்வர்ட் டொய்சிக்கும் பங்கு. அதே காலத்தில் அமெரிக்காவில் பழுதாய்ப் போன ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன, அந்தப் புல்லில் இருந்த பொருளைத் தேடிப் போய்த்தான் கடைசியில் வார்பரின் வந்தது. 1948இல் அது எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது, மனிதருக்கு 1954இலிருந்து. இந்த எலி மருந்துக் கதையை யாரோ சொல்லக் கேட்டுப் பயந்து குளிசையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் பாமசியில் கண்டிருக்கிறேன், ஆகவே அம்மாவிடம் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டவேண்டாம். அளந்து கொடுக்கும்போது அது உயிர் காக்கும் மருந்து.

சரி, அப்படியானால் அவருக்கு ஏன் கண்டிப் போகிறது? என் ஊகம், விற்றமின் குறைவு இல்லை, வார்பரின் அளவுக்கு மேல் வேலை செய்கிறது. அதை ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனைதான் சொல்லும், அந்த எண் கூடக் கூட இரத்தம் உறைய நேரம் எடுக்கிறது என்று அர்த்தம். சாதாரண ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும், வார்பரின் எடுக்கிறவர்களுக்குப் பொதுவாக 2 இலிருந்து 3 வரை, செயற்கை வால்வு வைத்தவர்களில் பலருக்கு 2.5 இலிருந்து 3.5 வரை வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு எது இலக்கு என்பது அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவேண்டாம், இந்தக் கிழமைக்குள்ளேயே ஐ.என்.ஆர் பார்த்துவிட்டு, அந்தத் துண்டோடு கிளினிக் வைத்தியரிடம் போங்கள். அவர் சொல்லாமல் நீங்களாகக் குளிசையைக் குறைக்கவும் வேண்டாம்.

போகும்போது இன்னொரு விஷயத்தை வடிவாக யோசித்துக்கொண்டு போங்கள். கடந்த ஒரு மாதத்துக்குள் அம்மா புதிதாக என்ன எடுத்தார்? நம் பக்கத்தில் முழங்கால் நோ என்றால் உடனே கடையில் போய் "நோவுக்கு ரெண்டு குளிசை தாங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதில் வருகிற டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் மாதிரியானவை வார்பரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு, குறிப்பாக வயிற்றுக்குள் கசிவு வரும் அபாயம் கூடும். அஸ்பிரினும் அப்படித்தான், ஆனால் இருதய வைத்தியரே அதைச் சேர்த்து எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, அதை நிறுத்தாதீர்கள். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமொக்சசோல், சிப்ரோபுளோக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக்குகள், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் புளுகொனசோல், இவையெல்லாம் ஐ.என்.ஆரை மேலே தள்ளும். பனடோல் ஒன்றிரண்டு பரவாயில்லை, ஆனால் நாள் கணக்காக முழு அளவில் போட்டால் அதுவும் கூட்டும். கஷாயம், லேகியம், வெள்ளைப்பூண்டு மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மீனெண்ணெய் மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அது மருந்து இல்லைதானே" என்று விட்டுவிடுகிற சாமான்தான் பல நேரம் காரணமாக இருக்கும்.

வெறும் வயசும் காரணமாகலாம். வெயில் பட்டுப் பட்டு மெலிந்த முன்கைத் தோலில் சின்னத் தட்டலுக்கே கத்தரிப்பூ நிறத்தில் திட்டு வரும், அது தானாகப் போகும், கறை மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் வார்பரின் எடுக்கிற ஒருவரில் இதை நாமே முடிவு செய்யக்கூடாது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், சிறுநீரில் சிவப்புத் தெரிந்தால், மூக்கிலோ முரசிலோ இரத்தம் நிற்காமல் வந்தால், வழக்கமில்லாத கடும் தலையிடி வந்தால், அல்லது விழுந்து தலை அடிபட்டால் (வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும்) பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வார்பரின் எடுக்கிறார் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். காய்ச்சலோடு தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் வந்தால் அதுவும் உடனடி வேலைதான், டெங்கு காலத்தில் இரத்தத் தட்டுகள் குறைந்தாலும் அப்படிப் புள்ளி வரும், அதற்கும் விற்றமின் கேக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனிக் கீரை. கீரையை முற்றாக விட்டது அவசியமில்லாத தண்டனை, பாவம் அம்மா. வார்பரின் எடுப்பவர் கீரையே சாப்பிடக்கூடாது என்பது ஊரில் ஆழமாகப் பதிந்துபோன ஒரு கதை, ஆனால் கிளினிக்குகளில் இப்போது சொல்லப்படுவது, சாப்பிடுங்கள், ஆனால் கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான். வைத்தியர் நீங்கள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு ஏற்ற மாதிரித்தான் குளிசையின் அளவைச் சரி செய்கிறார், சாப்பாடு தலைகீழாக மாறினால் அந்தக் கணக்கு பிழைத்துப்போகும். கீரையே இல்லாத சாப்பாட்டில் பழகிய உடம்புக்கு ஒரு நாள் பெரிய சட்டி கங்குன் சுண்டல் வந்தாலே ஐ.என்.ஆர் ஆடும். ஆகவே நாளைக்கே ஆரம்பிக்கவேண்டாம், ஐ.என்.ஆர் பார்க்கப் போகும்போது "கீரையைக் கிழமைக்கு இரண்டு தரம் சேர்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பரிசோதனையைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பியுங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, வைத்தியர்கள் கேட்க மறக்கலாம், நீங்கள்தான் சொல்லவேண்டும். கேதாரகௌரி விரதம் என்றால் 21 நாள், கந்தசஷ்டி 6 நாள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அந்த நாட்களில் வீட்டில் மீன் இறைச்சி நின்று பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, முருங்கை இலை என்று தட்டு பச்சையாக மாறிவிடும். அல்லது மறுபக்கமாக ஒருநேரச் சாப்பாட்டோடு கிடப்பார்கள். இரண்டுமே கணக்கை மாற்றும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் 100 கிராம் பச்சை முளைக்கீரையில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் விற்றமின் கே காட்டியிருக்கிறார்கள், அதே 100 கிராம் கோவாவில் 76 அளவுதான், அப்படியென்றால் "மரக்கறிதானே" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடமுடியாது. மாரி வெள்ளத்தில் சந்தைக்குக் கீரை வராமல் போகிற கிழமைகளும் இதே மாதிரித்தான், எதிர்ப்பக்கமாக. அம்மா விரதத்தை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரதம் தொடங்க முதல் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இடையில் ஒரு ஐ.என்.ஆர் பாருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் கிரீம்.

விற்றமின் கேக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். உறைதலைத் தவிர, தோல் மாதிரியான மென் இழையங்களில் கல்சியம் படியாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு புரதமும் இந்த விற்றமினை நம்பித்தான் இருக்கிறது, இந்த ஒழுங்கு பிறவியிலேயே கெட்டுப்போனவர்களுக்குக் கழுத்து, அக்குள் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற அபூர்வ நோய் ஒன்றுகூட உண்டு. ஆனால் அதிலிருந்து "பூசினால் கருவளையம் போகும்" என்பது பெரிய தாவல். பூச்சாகப் பூசியதில் ஓரளவு நம்பக்கூடிய பலன் தெரிந்தது லேசர் சிகிச்சைக்குப் பிறகு வரும் கண்டலில், அதுவும் சின்ன ஆய்வுகளில், சிகிச்சைக்குப் பிறகு பூசியபோது கண்டல் கொஞ்சம் மட்டுப்பட்டது. கருவளையத்துக்கு எல்லா விளம்பரக்காரரும் தூக்கிப் பிடிப்பது ஜப்பானியரிடம் செய்து 2004இல் வெளிவந்த ஒரு ஆய்வு. 57 பேர், 8 கிழமை, பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே இருந்த இரத்தத் தேக்கம் ஓரளவு குறைந்தது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஜெல்லில் விற்றமின் கேயோடு ரெட்டினோல், விற்றமின் சி, விற்றமின் ஈ எல்லாம் இருந்தன. பலன் யாருடையது? விற்றமின் கேக்கு மாலை போட என்னிடம் ஆதாரம் இல்லை.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்று, ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விற்றமின் கேயின் கே1 என்ற வடிவத்தை அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கத் தடை போட்டது. காரணம் ஒவ்வாமை. சிலருக்குத் தோல் சிவந்து கடித்து எக்ஸிமா மாதிரி வரும், அதைவிட முக்கியமாக, ஒரு முகக் கிரீமால் ஒவ்வாமை பிடித்துக்கொண்டவருக்குப் பிறகு உண்மையாகவே இரத்தப்போக்கில் விற்றமின் கே மருந்து தேவைப்படும்போது என்ன செய்வது என்ற யோசனை. அதற்குப் பிறகு சில கம்பனிகள் விற்றமின் கே ஒக்சைட் என்ற வேறு வடிவத்தைப் போட ஆரம்பித்தன. உங்கள் பக்கத்தில் விற்கிற சாமானில் எது, எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது என்றுதான் நினைக்கிறேன். கே1 வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற பொருள், கண்ணாடி மாதிரித் தெளிவான போத்தலில் வந்தால் உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதும் கேள்விதான்.

6,800 ரூபாய்க்கு முன்னால் ஒரு காசும் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ்க்கண்மடல் தோலை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஊதா நிறம் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் மெல்லிய தோலுக்குள்ளால் இரத்தக் குழாய் தெரிகிறது. கபிலம் அப்படியே மாறாமல் இருந்தால் அது நிறமி, நம் ஆட்களில் இதுதான் சாதாரணம், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது இருக்கும். முகத்தை வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்தியதும் கருமை மறைந்தால் அது வெறும் நிழல், கண்ணுக்குக் கீழே பள்ளம், எந்தக் கிரீமும் பள்ளத்தை நிரப்பாது. பலருக்கு இரண்டு மூன்றும் கலந்திருக்கும். ஜப்பான் ஜெல்லில் தெரிந்த பலன் முதலாவது வகையில்தான், நிறமிக்கு இந்த விற்றமினிடம் மருந்து இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், கண் கடித்துக் கசக்குகிற பழக்கம் இருக்கிறதா? சோக்குத் தூளும் வீதித் தூசியும் பட்டுக் கண் கடிக்கிறவர்கள் கசக்கிக் கசக்கியே அந்தத் தோலைக் கறுக்க வைப்பார்கள். அப்படி என்றால் ஒவ்வாமைக்கு வைத்தியம் செய்வதுதான் கருவளையத்துக்கும் வைத்தியம். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர் என்றால் ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்து இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலுக்கு எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அத்தோடு மோட்டார் சைக்கிளில் போகும்போது பெரிய கறுப்புக் கண்ணாடி, இந்த இரண்டும் நிறமி வகைக்கு உங்கள் கிரீமை விடக் கூடுதலாகச் செய்யும். இதெல்லாம் செய்து சில மாதத்திலும் மாற்றம் இல்லை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள். ரெட்டினோல் கலந்த சாமான் எதையும் கர்ப்பமாக இருந்தாலோ அந்த யோசனை இருந்தாலோ தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். பெயரும் உள்ளடக்கமும் ஒழுங்காக எழுதாத "வெள்ளையாக்கும்" கிரீமைக் கண்ணுக்குக் கீழே பூசவேண்டாம். அவற்றில் பாதரசமோ வலுவான ஸ்டீரொய்டோ கலந்திருப்பது புதிய செய்தி இல்லை, ஸ்டீரொய்டைக் கண்மடலில் நாள் கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து குழாய் இன்னும் தெரியும், கண்ணுக்குள் அழுத்தமும் ஏறலாம். விற்றமின் கே கிரீம் பெரும்பாலும் காசுக்குத்தான் கேடு, இது கண்ணுக்கே கேடு.

பிரசவக் கோட்டுக்கு இது உதவாது, அது தோலின் உள்அடுக்கு இழுபட்டுக் கிழிந்த அடையாளம், அங்கே உறையவேண்டிய இரத்தம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு விற்றமின் கே குளிசை வேண்டுமா என்றால், வேண்டாம். வளர்ந்த பெண்ணுக்கு நாளைக்கு 90 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு, ஒரு கைப்பிடி கீரையிலேயே அதைத் தாண்டிவிடுவீர்கள். கொழுப்பில் கரைகிற விற்றமின் என்பதால் தேங்காய்ப் பூப் போட்டுச் சுண்டினாலும் தேங்காய்ப்பாலில் கீரை ஆணம் வைத்தாலும் உடம்பில் நன்றாகச் சேரும், சமையல் சூட்டுக்கும் பெரிதாக அழியாது. உண்மையான குறைவு வருவது பிறந்த குழந்தைகளுக்கு, அதனால்தான் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தொடையில் அந்த ஊசி போடுகிறார்கள், பிறகு பித்தம் தடைப்பட்டவர்கள், கொழுப்புச் செரிக்காத குடல் நோய் உள்ளவர்கள், ஈரல் பழுதானவர்களுக்கு. அதைக் கொடுத்தால் அவர்களுக்கும் முகம் பளபளக்காது, இரத்தம் நிற்கும்.

கீரையை அரைத்துப் பூசுவது பற்றிக் கேட்டீர்கள். இலையில் இருக்கிற விற்றமின் பச்சைக் கணிகங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அரைத்து முகத்தில் அப்பினால் அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது, கண்ணுக்குள் சாறு போய்க் கடித்தால் திரும்பவும் கசக்குவீர்கள், கறுப்பு கூடும். நீங்கள் அதைச் சாப்பிடுங்கள். அம்மாவின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் ஐ.என்.ஆர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.